என் படம் போட்ட காதணி விழா

என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு அரசாங்கம் கடிதம் எழுதுகிறது. எனக்கு இல்லை, அவளுக்கு. உறையின் மேல் அவள் பெயர். உள்ளே ஒரு பல்லின் படம், அந்தப் பல்லுக்குக் கண்ணும் வாயும் வரைந்திருக்கிறார்கள். 'தாரணி, உன் பல்லைப் பார்க்க வேண்டும், இந்தத் தேதியில் வா, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெரியவர் நான்தான். லீவு போட்டு, கார் ஓட்டிக்கொண்டு போனால், பல் டாக்டர் முதலில் அவளுக்குக் கை கொடுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தது அப்புறம்தான். எந்தப் பல் வலிக்கிறது என்று அவளிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். 'அவள் சொல்லட்டும்' என்றார். எனக்குச் சுருக்கென்றது. எனக்கு எட்டு வயதில் கடலூரில் பல் பிடுங்கினார்கள். அப்பா 'புடுங்கிடுங்க' என்றார், இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள், பிடுங்கிவிட்டார்கள். எந்தப் பல் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. வலித்த பல் அடுத்த நாளும் வலித்தது.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். பிறந்தது பிச்சாவரம் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். கடலூரில் ஐ.டி.ஐ. படித்து, வளைகுடாவில் வெயில் தின்று, கடைசியில் இங்கே வந்து மழை தின்கிறேன். பனி விழும் நாடு என்று ஊரில் நினைக்கிறார்கள். இந்தக் கரையில் பனியைவிட மழைதான் ஜாஸ்தி. நம் ஐப்பசி மழையை வருஷம் முழுக்க நீட்டிப் போட்ட மாதிரி. இந்த நாட்டைப் புகழ்ந்து எழுத நான் உட்காரவில்லை. ஒன்று சொல்கிறேன். இவ்வளவு பணக்கார நாட்டில் என் மகளுடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு போடுவதில்லை. வீட்டிலிருந்து காய்ந்த ரொட்டி இரண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மாட்பாக்கே என்று ஒரு பெயர் வேறு. நான் பால்வாடியில் சத்துமாவு உருண்டை தின்றவன், பள்ளிக்கூடத்தில் முட்டையோடு சாம்பார் சாதம் தின்றவன். இப்போது அங்கே காலையிலும் உப்புமா போடுகிறார்கள். இதை இங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஏழை நாடு எப்படி அத்தனை பிள்ளைக்கும் சோறு போடும் என்று கேட்கிறான் ஒருவன். 'பிள்ளைக்குப் பசிக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான்' என்றேன்.

ஆனால் சோறு போடாத இந்த நாடு வேறொன்று செய்யும். போன வருஷம் அதை என் வீட்டிலேயே செய்தது. தாரணி வீட்டுப்பாடம் எழுதாமல் ஏமாற்றினாள், நான் அவள் காதைத் திருகினேன். ஒரு முறை இல்லை, பல முறை. எங்கள் வாத்தியார் எனக்குச் செய்தது, அப்பா செய்தது. அது அடி என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. பள்ளிக்கூடத்தில் 'என் உடம்பு என்னுடையது' என்று ஒரு பாடம் நடத்தியிருக்கிறார்கள். பாடம் முடிந்ததும் இவள் கை தூக்கி, 'அப்பா என் காதைத் திருகுவார்' என்று சொல்லியிருக்கிறாள். புகார் இல்லை, தகவல். ஒரு வாரத்தில் ஊராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. இந்தக் கடிதம் என் பெயருக்கு, ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்து பேசுவார் என்று.

கோயிலில் பார்க்கும் இலங்கைக்காரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கவனம் தம்பி, பிள்ளையைக் கொண்டுபோயிடுவினம்" என்றார். அதோடு விடாமல் நாலு கதை சொன்னார். என் மனைவி ஜெயந்தி மூன்று நாள் தூங்கவில்லை. வீட்டைத் துடைத்துத் துடைத்துத் தரை தேய்ந்தது. வருகிறவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் வடையும் சுட்டாள், கேக்கும் வாங்கினாள். நான் என்ன பேசுவது என்று பாடம் செய்து வைத்திருந்தேன். என் பிள்ளை, என் கை, என் வீடு. நார்வே மொழியில் சரியாகச் சொல்ல வராது என்பதால் சத்தமாகச் சொல்வதாக முடிவு செய்திருந்தேன்.

வந்தவள் பெயர் மாரித். எங்கள் ஊர் மாரியின் பெயரில் ஒரு எழுத்து கூட. ஐம்பது வயது இருக்கும். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள். இந்த ஊரில் எனக்கு உடனே பிடித்துப்போன ஒரே பழக்கம் அது. நான் பாடம் செய்ததைச் சத்தமாக ஒப்பித்தேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, வடையைக் கடித்துக்கொண்டே, 'தாரணியிடம் தனியாகப் பேச வேண்டும்' என்றாள். நான் எதற்கு என்றேன். 'அவளுக்கும் சில விஷயம் தெரியும்' என்றாள். அரை மணி நேரம் அவர்கள் அறைக்குள் இருந்தார்கள். நானும் ஜெயந்தியும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெளியே வந்தவள் ஒரு படிவத்தை எடுத்தாள். அப்பா அம்மா தவிர, இந்தப் பிள்ளை பயந்தால் யாரிடம் போகும்? ஒரு பெரியவர் பெயர் வேண்டும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்தக் கேள்விக்கு எங்களிடம் எப்போதும் பதில் உண்டு. தாய்மாமன் என்றேன். ஓன்கெல் என்று அவள் எழுதினாள். வெறும் ஓன்கெல் இல்லை என்று சொல்லி, எழுந்து நின்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். பிள்ளைக்கு மாமன்தான் எல்லாம். மொட்டை அடிப்பது அவன் மடியில். காது குத்துவது அவன் மடியில். பிள்ளை திமிறும், மாமன் இறுக்கிப் பிடித்துக்கொள்வான், ஆசாரி ஊசியை வைத்து ஒரே குத்து. மாரித்தின் முகம் மாறியது. பேனாவைக் கீழே வைத்தாள். 'அப்படியென்றால், பிள்ளைக்கு வலிக்கும்போது ஓடாமல் பிடித்துக்கொள்வது மாமாவின் வேலையா?' என்று கேட்டாள். எனக்கு ரத்தம் ஏறியது. 'அதற்கில்லை, பயப்படாமல் இருக்கத்தான்' என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. சரி என்று எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: 'இந்த மாமா எங்கே இருக்கிறார்?' கடலூர் முதுநகர் என்றேன். ஜெயந்தியின் தம்பி அங்கேதான் இருக்கிறான். அவள் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்தாள். 'தூரம்' என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நாலு முறை போய் உட்கார்ந்து பேசச் சொன்னார்கள், போனேன். இனி கை வைக்க மாட்டேன் என்று சொன்னேன், வைக்கவில்லை. இன்றைக்கும் சில நேரம் கை எழும். எழுந்த கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். தாரணி அந்தப் பாக்கெட்டைப் பார்த்துச் சிரிப்பாள். ஆனால் மாரித் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. எங்கள் வழக்கம் தெரியாத வெள்ளைக்காரி என்று ஜெயந்தியிடம் பல நாள் திட்டினேன்.

தை மாதம் பிறப்பதற்குச் சில நாள் முன்பு அஞ்சலை அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பிதழ் அனுப்பினாள். அஞ்சலை என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஊரில் சுனாமி குடியிருப்பில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மகேசு, சிதம்பரத்தில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், பங்குனி வந்தால்தான் பதினேழு. இளையவள் யாழினிக்கு ஒன்பது வயது. அழைப்பிதழில் 'காதணி விழா' என்று தங்க எழுத்து, கீழே யாழினி பெயர். அதைவிடப் பெரிதாக என் படம். பனி ஜாக்கெட்டும் கூலிங் கிளாசும் போட்டு எப்போதோ எடுத்தது. 'தாய்மாமன், நார்வே' என்று போட்டிருந்தார்கள். அதையே பெரிய பேனராக அடித்துத் தெருமுனையில் கட்டிய போட்டோவும் வந்தது. பார்த்ததும் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் கழித்து, வெல்டிங் முகமூடிக்குள் இருக்கும்போது, ஒன்று உறைத்தது. யாழினிக்கு நான்தான் காது குத்தினேன்.

அது எட்டு வருஷம் முன்பு. அதற்காகவே லீவில் போயிருந்தேன். குலதெய்வக் கோயிலில், வேப்பமரத்தடியில், பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தேன். என் மடியில் அவள், பதினோரு மாதம், வாயில் இரண்டே பல். முதல் காது குத்தும் வரை ஆசாரியின் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குத்தியதும் என் கட்டை விரலைக் கவ்வினாள். இரண்டு பல்லும் பதிந்து ரத்தம் வந்தது. இரண்டாவது காது குத்தி முடியும் வரை விடவில்லை. என் வேட்டியையும் நனைத்தாள். "வெளிநாட்டு மாமனுக்கு நல்ல வரவேற்பு மச்சான்" என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லி ஊரே சிரித்தது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவர் வாய்க்கு நான் எப்போதும் மச்சான். ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் காது குத்துவார்கள். வேறு யார் மறந்தாலும் மடி கொடுத்தவன் மறப்பானா? இது எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டேன். இங்கே பதினொரு மணி, அங்கே மூன்றரை. போனை எடுத்தது யாழினி. காதில் பழைய தொங்கட்டான் ஆடியது. "மாமா, எனக்கு மறுபடியும் குத்தப் போறாங்களாம். எங்க குத்துவாங்கன்னு கேட்டா அம்மா அடிக்க வருது" என்றாள். அக்கா குளிக்கப் போயிருந்தாள். மகேசுவைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்து போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பரீட்சைக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பிப்ரவரியில பிராக்டிகல் மாமா. ரெக்கார்ட் நோட்டு இன்னும் முடிக்கல."

"யாரு மாப்பிள்ள?"

"சிங்கப்பூர்ல இருக்காரு. இந்த லீவு வுட்டா ரெண்டு வருஷம் ஆவுமாம்." அப்புறம், "நீங்களும் சரின்னு சொல்லிட்டீங்கன்னுதான் நெனச்சேன். பேனர்ல உங்க படம் இருக்கே" என்றாள்.

இதைப் படிக்கிற நீங்கள் நார்வேயில் இருந்தாலும் நெய்வேலியில் இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். மண்டபத்தில் கேட்டால் வயதுச் சான்று காட்டு என்கிறார்கள். கோயிலில் கேட்டாலும் அதே கதை. பள்ளிக்கூடத்துச் சுவரில் உதவி எண் எழுதியிருக்கிறது. அதனால்தான் ஒரு கல்யாணத்தைக் காதணி விழா என்று மறைக்க வேண்டியிருக்கிறது. திருட்டுத்தனம் செய்ய வேண்டிய நிலைக்கு எங்களைச் சட்டம் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்றால், அதுவே நாங்கள் கடந்து வந்த பெரிய தூரம். அக்காவின் கல்யாணத்துக்கு யாரும் எதையும் மறைக்கவில்லை. அப்போது அவளுக்குப் பதினைந்து, எனக்குப் பத்து. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை அட்டை போட்டு வைத்திருந்தாள், அந்த அட்டையோடே எடைக்குப் போனது. மைக் செட் கட்டி ஊருக்கே சொல்லித் தாலி கட்டினார்கள். எனக்குப் பந்தியில் லட்டு இரண்டு கூடுதலாகக் கிடைத்தது, அந்தக் கல்யாணத்தில் நான் கவனித்தது அது ஒன்றுதான். அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. உடம்பு தாங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். எட்டு வருஷம் கழித்து மகேசு பிறந்தாள். என்னை ஐ.டி.ஐ. சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டது அஞ்சலைதான். நீ படி, நீயாவது படி என்று என் பையில் சோற்றுத் தூக்கை வைத்துத் திணிப்பாள். அவள் கையால் தின்ற சோறுதான் என் உடம்பு. அவளை யாராவது கெட்டவள் என்று சொன்னால் பல்லை உடைப்பேன்.

அன்று மாலையே அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவளும் கத்தினாள். மாமாவுக்கு முதுகு போய்விட்டது, படகில் ஏற முடியவில்லை. பையன் குடிக்கிறவன் இல்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மகேசு யாரோ ஒரு பையனோடு பேசினாள் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. எல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றும் உண்மையான பயம்தான். "ஒரு வருஷம்தானேடா கொறையுது" என்றாள். மகேசுவிடம் கேட்டாயா என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. "அவ கிட்ட இன்னாத்த கேக்கறது? என்ன யாரு கேட்டாங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளை யாரும் கேட்கவில்லை. லட்டு தின்றுகொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

இரண்டு நாள் வெல்டிங் கோணலாகப் போனது. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள். பேனரில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், கூலிங் கிளாசோடு. ஊரில் நடமாடும் ஒவ்வொருவரும் மாமனே சம்மதித்துவிட்டான் என்று படித்துக்கொண்டு போகிறார்கள். மகேசுவும் தினமும் அதன் கீழேதான் பஸ் ஏறப் போகிறாள். வலிக்கும்போது ஓடாமல் பிடித்துக்கொள்வது மாமாவின் வேலையா என்று மாரித் கேட்டாளே, அதற்கு என் பதில் தெருமுனையில் பெரிய எழுத்தில் கட்டியிருந்தது. போலீசையும் ஆபீசரையும் என் வீட்டு வாசலில் கண்டால் ஆகாது என்று கத்தியவன் நான். அதே நான் அக்கா வீட்டு வாசலுக்கு ஆள் அனுப்பக் கிளம்பினேன்.

அந்த உதவி எண் வெளிநாட்டிலிருந்து போகவில்லை. மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு எண், அங்கிருந்து இன்னொன்று. யூனிபாரத்தோடு பெட்டிமேல் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போனது. கடைசியில் எடுத்தது ஒரு ஊர்நல அலுவலர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களைப் பார்க்கிற பெண். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "பொண்ணு கிட்டப் பேசினீங்களா சார்? அது என்ன சொல்லுது?" என்பதுதான். ரெக்கார்ட் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். காதணி விழா என்று மறைத்திருப்பதையும் சொன்னேன்.

"போன மாசம் சேத்தியாத்தோப்பு பக்கம் கிரகப்பிரவேசம்னு பத்திரிகை அடிச்சாங்க சார். போய்ப் பாத்தா வூடே கட்டல" என்றார்.

இருவரும் சிரித்துவிட்டோம். அந்த நேரத்தில் சிரித்தது தப்பா என்று தெரியவில்லை. என் பெயர் தேவையில்லை, சொல்லாவிட்டாலும் போவோம், சொன்னாலும் வெளியே விட மாட்டோம் என்றார். தாய்மாமன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்கு வர்ற போன்ல பாதி சொந்தக்காரங்கதான் சார். அத்தை, சித்தி, பெரியப்பா. பேரு சொல்றவங்கதான் இல்ல" என்றார். என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

அடுத்த நாள் நடந்ததை மகேசு பிற்பாடு சொன்னாள். அந்த அம்மா ஸ்கூட்டியில் வந்தார், கூட ஒரு பெண் போலீசும் வி.ஏ.ஓ.வும். குடியிருப்புப் பெண்கள் சுற்றிக்கொண்டு சத்தம் போட்டார்கள். அவர் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, அக்காவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் கேட்டவளை எங்கள் ஊரில் விரட்ட முடியாது. பிறகு மகேசுவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக அரை மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்தார். பதினெட்டு முடியாமல் கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று மாமாவிடமும் அக்காவிடமும் எழுதி வாங்கினார். மறுநாள் கடலூரில் குழந்தைகள் நலக் குழு முன்னால் அம்மாவும் பெண்ணும் போய் உட்கார வேண்டியிருந்தது. "பஸ்ல அம்மா ஒரு வார்த்த பேசல மாமா. ஆனா கடலூர் பஸ் ஸ்டாண்டுல எனக்கு மட்டும் ஜூஸ் வாங்கிக் குடுத்துச்சி" என்றாள் மகேசு. மாரித்துக்கு இரண்டு தெரு, ஒரு கார். இந்த அம்மாவுக்கு எத்தனை ஊரோ, ஒரு ஸ்கூட்டி. இரண்டு பேரும் செய்த வேலை ஒன்றுதான். பெற்றவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, பிள்ளையிடம் போய்க் கேட்டார்கள்.

சொன்னது யார் என்று ஆபீசர் சொல்லவில்லை. அக்கா சந்தேகப்பட்டது பக்கத்து வீட்டுக்காரியை. தெருக் குழாயில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து குடம் நசுங்கிவிட்டது என்று கேட்டதும் நான் போன் போட்டேன்.

"அவள வுடு. நான்தான் சொன்னேன்" என்றேன்.

யாழினி பின்னால் எதையோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"உன் படத்த எம்மாம் பெருசா போட்டேன்டா தம்பி" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மாமா மட்டும் ஒரு முறை பேசினார். "நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெர்ல மச்சான். என் கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா என்றேன். "கேட்டிருக்க மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன். சிங்கப்பூர்ப் பையனுக்கு அதே லீவில் கம்மாபுரம் பக்கம் வேறு பெண் பார்த்துக் கட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். இருபத்திரண்டு என்றார்கள். சரி. மகேசு பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள், சிதம்பரத்தில் காலேஜ் போகிறாள். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அடுத்த பங்குனியில் பதினெட்டு முடியும், அப்போது எவன் வந்து தடுப்பான் பார்க்கிறேன் என்று அக்கா தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெளிநாட்டில் இருந்துகொண்டு சொந்த அக்கா வீட்டுக்குப் போலீஸ் அனுப்பியவன் என்று ஊரில் எனக்குப் பெயர். இந்த நாட்டில் என் பெயர் ஒரு படிவத்தில் காது திருகியவன் என்று இருக்கிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் மறுக்க மாட்டேன்.

என்னைப் போலப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் படமும் ஊரில் ஏதாவது ஒரு பேனரில் இருக்கும். மாமன், சித்தப்பா, அத்தை என்று நல்ல சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நம்மிடம் மிச்சம் இருக்கும் உறவு பாதி அந்தப் பேனரில்தான் இருக்கிறது. அதன் கீழே என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள். போனை அந்தப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஐப்பசி. அங்கேயும் மழை, இங்கேயும் மழை. போன வாரம் மகேசு ஒரு போட்டோ அனுப்பினாள். வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே தார்ப்பாய் மாதிரி ஒன்று கட்டியிருக்கிறது. அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் புத்தகங்கள். நிமிர்ந்து பார்த்து எடுத்த போட்டோ அது. மேலே இருப்பது என் முகம். பனி ஜாக்கெட், கூலிங் கிளாஸ், 'தாய்மாமன், நார்வே'. நடுவில் 'காதணி விழா' என்ற எழுத்து மடிந்து கிடக்கிறது. கூடவே குரல் செய்தி.

"உள்ள டி.வி. சத்தம் மாமா, இங்கதான் படிக்கிறேன். ஒழுவுதுன்னு அம்மாதான் பேனர எடுத்துக் கட்டிச்சி. மூஞ்சிய ஏன் உள்பக்கமா கட்டினேன்னு கேட்டேன். பின்ன, மழ அவன் மூஞ்சில அடிக்கணுமாடின்னு கேக்குது."

ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்காக நின்றுகொண்டுதான் அதைக் கேட்டேன். இந்த ஊர் மழைக்குக் குடை நிற்காது, காற்று பிடுங்கிவிடும், அதனால் நான் குடை எடுத்துப் போவதில்லை. இரண்டாவது முறையும் போட்டுக் கேட்டேன். அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் என் முகம் சொட்டுக்கூட நனையாமல் மகேசுவின் புத்தகத்துக்கு மேலே நிற்கிறது. இங்கே பஸ் வரும் வரை நனைந்துகொண்டிருந்தேன்.